கடப்பா கல்லின் உறவுக்காரர்கள்: சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் பார்த்த உயிர்கள்

நத்தைக்கூடு, மடிப்பாக்கம்

சமையல் மேடையில் கிடக்கும் கடப்பா கல் மேல் அரை மூடி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்து, அரைமணி கழித்து எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பளபளப்பு போய் அங்கே வெளிறிய வட்டம் விழுந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை என்று நினைத்துத்தான் எல்லோரும் தேய்க்கிறோம். உண்மையில் அந்த இடத்தில் கல்லையே புளிப்பு தின்றுவிட்டது. கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

எலுமிச்சை அரைமணியில் செய்ததை மழைத்தண்ணீர் பல்லாயிரம் வருஷத்தில் செய்கிறது. மண்ணில் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளித்த தண்ணீர் பாறை விரிசலில் இறங்கி, விரிசலைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்குகிறது. மேலே தரை காய்ந்து கிடக்கும். தண்ணீர் எல்லாம் கீழே ஓடும். அதனால்தான் இந்த நிலத்தில் பார்க்கவேண்டிய உயிர்களில் பாதி தரைக்கு அடியிலும், மீதிப் பாதி பாறைச் சுவரிலும் இருக்கின்றன.

சென்னையிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சொந்தக் கதை வேண்டாம். எங்கே, எந்த நேரத்தில், எதைப் பார்த்து அடையாளம் கண்டீர்கள், எதில் ஏமாறுவோம் என்பதை மட்டும் எழுதுங்கள். காவல் இல்லாத சின்னக் குகைகளுக்கு வழி போடாதீர்கள்.

குகைவாசல், பல்லாவரம்

பக்கத்தில் இருப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேலம் குகை. மும்பை மார்க்க ரயிலில் கடப்பா தாண்டி தாடிபத்திரியில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. மலை எதுவும் கிடையாது. சமவெளி வயல் நடுவில் கிணறு மாதிரி குழி, அதற்குள் படி. மொத்த நீளம் 3,229 மீட்டர். 1982, 83இல் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் குழு இறங்கி அளந்தது. 2002இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நடக்க விட்டிருப்பது ஏறக்குறைய ஒன்றரை கி.மீ.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் உறவு உண்டு. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்தான் 1884இல் கர்நூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டி விலங்கு எலும்புகளை எடுத்தவர். அதே வருஷம் பேலத்தையும் குறித்து வைத்தார்.

இனி உயிர்கள். சுற்றுலாப் பாதையில் வௌவாலைத் தேடி ஏமாறாதீர்கள். விளக்கும் கூட்டமும் இருக்கும் இடத்தை அது விட்டுவிடும். அந்தப் பாதையில் பார்க்கவேண்டியது விளக்கடி. மின்விளக்கைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பாறை பச்சையாக இருக்கும். சூரியனே படாத இடத்தில், விளக்கு வெளிச்சத்தை நம்பி முளைத்த பாசி அது. நம் காலிலும் உடையிலும் ஒட்டி வந்த வித்துகள். அந்தப் பச்சை பாறையை அரிக்கவும் செய்யும், குகைக்குச் சொந்தமில்லாத பூச்சிகளை உள்ளே இழுக்கவும் செய்யும். எந்தக் குகைக்குப் போனாலும் முதலில் விளக்கடியைப் பாருங்கள், அதன் நிலைமை தெரிந்துவிடும்.

பெரிய அதிசயம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. ஆந்திரச் சுண்ணாம்புக் குகைத் தண்ணீரில் கண்ணே இல்லாத, வெளுத்த, இறால் உறவுள்ள சின்னப் பிராணி ஒன்று உண்டு. பெயர் ஆந்திரக்காய்டிஸ் கெபாவேரி, மேலே சொன்ன கெபாவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் நெருங்கிய குடும்பம் இருப்பது ஆஸ்திரேலியாவில். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலமாக இருந்த காலத்திலிருந்து தரைக்கடித் தண்ணீரிலேயே இருந்துவிட்ட வம்சம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று நாம் சொல்லும் அதே தண்ணீர்தான் இதற்கு வீடு. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க இதன் வீடும் சுருங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. இப்படிக் குழியாக இறங்கும் குகைகளில் கரியமில வாயு அடியில் தேங்கும். தலை கனத்து, மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தால் உட்கார்ந்து ஓய்வெடுக்காதீர்கள். கீழே குனியக் குனிய வாயு அதிகம். உடனே ஏறிவிடுங்கள். பேலத்தில் காற்று ஊத குழாய் போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் அது கிடையாது.

பாலாஜி_வௌவால், கொரட்டூர்

குகைவாசல் சாருக்கு ஒரு சேர்க்கை. வௌவாலைத் தொந்தரவு செய்யாமல் எந்த வகை என்று கண்டுபிடிக்கத் தரையைப் பார்த்தால் போதும்.

பூச்சி தின்னும் வௌவாலின் எச்சம் எலிப்புழுக்கை மாதிரி இருக்கும். குச்சியால் அமுக்கினால் பொலபொலவென்று உதிரும், உள்ளே வண்டு இறக்கைத் துணுக்குகள் மினுங்கும். எலிப்புழுக்கை அப்படி உதிராது, கெட்டியாக இருக்கும். பழந்தின்னியின் எச்சம் தெறித்த சேறு மாதிரி, அத்தி விதையோடு, புளித்த வாடையோடு இருக்கும்.

மேலே பார்த்தால், இலைமூக்கு வௌவால்கள் ஒன்றையொன்று தொடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கும். குகையில் தங்கும் பழந்தின்னியான ரூசெட்டஸ் அடையடையாக ஒட்டிக்கொண்டு தொங்கும், பெரிய கண் வெளிச்சத்தில் மின்னும். பழந்தின்னிகளில் ரூசெட்டஸுக்கு ஒரு தனித்தன்மை: நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்டு இருட்டில் பறக்கும். மற்ற பழந்தின்னிகள் பெரும்பாலும் கண்ணை நம்புகின்றன. அதனால்தான் அவை மரத்தில் தொங்குகின்றன, இது குகைக்குள் ஆழமாகப் போகிறது.

எச்சக் குவியலை மிதிக்காமல் ஓரமாகக் குந்தி, சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் பாருங்கள். குவியல் அசையும். சிற்றுண்ணி, கரப்பான், வண்டு என்று எல்லாம் அதைத் தின்ன வந்தவை. ஓரத்தில் அவற்றைத் தின்ன வந்த சாட்டைச் சிலந்தி நிற்கும்: தட்டையான உடம்பு, முன்னங்கால் இரண்டும் நூல் மாதிரி நீண்டு தடவிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அதற்கு விஷம் கிடையாது. வெயிலே இல்லாத ஊரில் சோறு வெளியிலிருந்துதான் வரவேண்டும். ராத்திரி வயலுக்குப் போய்ப் பூச்சி தின்றுவிட்டு வரும் வௌவால்தான் அங்கே அன்னதாதா. வௌவால் காலி செய்த குகையில் இந்தக் குவியல் காய்ந்து பொடியாகிவிடும், அதை நம்பியவை எல்லாம் அதோடு போய்விடும்.

உழவாரன், அம்பத்தூர்

அந்தமான், பாராட்டாங். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரப் பயணம் என்பதால் நம் ஆட்கள் அதிகம் போகும் சுண்ணாம்புக் குகை இதுதான். போர்ட் பிளேரிலிருந்து விடியற்காலை மூன்று, மூன்றரைக்கெல்லாம் கிளம்பி ஜிர்காட்டாங் சோதனைச்சாவடியில் முதல் வரிசையில் நின்றால்தான் கூட்டத்துக்கு முன்னால் போகமுடியும். அங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம் வழியாக வண்டிகள் வரிசையாகப் போகும். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்பண்டம் எறியக்கூடாது. அது அவர்கள் வீடு. பிறகு படகு, அலையாத்திக் காட்டு ஓடை, ஒன்றரை கி.மீ. வாக்கில் நடை. ஓடையில் உவர்நீர் முதலை உண்டு; படகிலிருந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வராதீர்கள்.

எல்லோரும் தொங்கும் கல்விழுதுகளைப் பார்த்துத் திரும்புகிறார்கள். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளரும் விழுது அது. கைபட்டால் தோலின் எண்ணெய் ஒட்டி, சுண்ணாம்பு படிவது அந்த இடத்தில் நின்று, கறுத்துவிடும். தொட்ட உயரம் வரைக்கும் கறுப்பு, அதற்கு மேலே வெள்ளை என்று கோடு போட்ட மாதிரி தெரியும்.

நான் சொல்ல வந்தது குருவியை. அந்தமானில் இரண்டு சிற்றுழவாரன்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். வயிறு வெள்ளை, முதுகு நீலம் கலந்த பளபளக் கறுப்பு என்றால் அது சாதாரண வகை. படகுத்துறைக் கட்டடத்தில்கூடக் கூடு கட்டும். பாசியையும் நாரையும் எச்சிலில் ஒட்டி, வெளிச்சம் எட்டும் இடத்தில்தான் வைக்கும். உடம்பு முழுக்க ஒரே மங்கல் பழுப்பாக இருந்தால் அதுதான் உண்கூட்டு உழவாரன். அது இருட்டுக்குள் போய், நார் எதுவும் இல்லாமல் வெறும் எச்சிலாலேயே கட்டும்.

அந்தக் கூட்டைக் கிட்டத்தில் பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் அரைக் கிண்ணம். சேமியாவைக் கஞ்சியில் தோய்த்து இழை இழையாகச் சுவரில் ஒட்டின மாதிரி, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை. குருவி தலையை இடமும் வலமும் ஆட்டி, ஒவ்வோர் இழையாக வைக்கிறது. ஒரு கூடு முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முட்டை இரண்டு. இருட்டில் வரும்போது டிக்-டிக் என்று இரட்டைச் சொடுக்காகச் சத்தம் போட்டு எதிரொலியைக் கேட்டுக்கொண்டு வரும். பூச்சி தின்னும் வௌவால் போடுவது நம் காதுக்கு எட்டாது, இது எட்டும். சீப்புப் பல்லில் நகத்தை ஓட்டினால் வரும் சத்தம். குகைவாசலில் பேச்சை நிறுத்தினால் கேட்கும்.

இந்தக் கூட்டைச் சூப்பு வைப்பதற்காக எடுத்து விற்றதில் பத்து வருஷத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது என்று கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் கணக்கெடுத்துச் சொன்னார். கூட்டை எடுத்தால் குருவி திரும்பக் கட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் உடம்பிலிருந்துதான் அந்த எச்சில் வரவேண்டும். முட்டையோடு எடுத்தால் அந்த வருஷமே போச்சு. வனத்துறையோடு சேர்ந்து அவர் கண்ட வழி, முன்பு கூடு திருடியவர்களையே காவலுக்கு வைத்தது. குஞ்சு பறந்த பிறகு காலிக் கூட்டை மட்டும் எடுத்தால் குருவிக்கும் நஷ்டமில்லை, ஆளுக்கும் வருமானம் என்பது கணக்கு. இந்த நிலத்தில் வேலை செய்த காப்புத் திட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கூடு இருக்கும் குகைகள் காவலில் உள்ளவை. சுற்றுலாக் குகை வேறு. படகோட்டி காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

சங்கு_புஷ்பம், தாம்பரம்

உழவாரன் அண்ணா, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க முடியுமா? செல்போனில்?

உழவாரன், அம்பத்தூர்

முடியும்மா. போனைப் பாறையில் சாய்க்காமல், சின்ன முக்காலியில் வைத்து, நைட் மோடில் மூன்று விநாடி விடுங்கள். தலைவிளக்கைப் படம் எடுக்கும் உயிரின் மேல் நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் அடித்தால் மங்கலாகத் திரும்பி விழும் வெளிச்சமே போதும். குஞ்சு வைத்த வௌவால் கூட்டத்தில் ஃபிளாஷ் அடித்தால் தாய் பதறிப் பறக்கும்போது குட்டி கீழே விழும், விழுந்தது பிழைக்காது. அதனால் கூட்டம் இருந்தால் படமே வேண்டாம். ஆளுக்கு மூன்று விளக்கு கொண்டுபோங்கள், மூன்றும் தனித்தனி பேட்டரியில். போன் டார்ச் கணக்கில் வராது.

மரகதம், மயிலாப்பூர்

பத்துமலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தைப்பூசத்துக்கு நம்மில் எத்தனையோ பேர் போய் 272 படி ஏறியிருப்போம். தம்புசாமிப் பிள்ளை 1891இல் முருகனை நிறுவிய அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. கோயில் குகைக்குக் கீழே, படிக்கட்டுப் பக்கவாட்டில் இருட்டுக் குகை என்று ஒன்று இருக்கிறது. வழிகாட்டியோடு உள்ளே போகும் நடை 2019இலிருந்து நிறுத்தப்பட்டது. போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் மனம் வருந்தாதீர்கள். உள்ளே இருப்பதற்கு அது நல்லது.

உள்ளே இருப்பது லிஃபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்ற சிலந்தி. 1923இல் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே பத்துமலை இருக்கிறது. நம் வீட்டுச் சிலந்தியின் வயிறு வழுவழுவென்று ஒரே பை. இதன் வயிற்றின் மேல்பக்கத்தில் ஓடு ஓடாகத் தகடுகள் அடுக்கியிருக்கும், தேளுக்கு இருப்பது மாதிரி. நூல் நூற்கும் காம்புகளும் பின்கோடியில் இல்லாமல் வயிற்றுக்கடியில் நடுவில் இருக்கும். முப்பது கோடி வருஷத்துக்கு முந்தைய சிலந்திகளின் அமைப்பு அது. டைனோசருக்கும் முன்னால் வந்த உடம்பு.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வலை இருக்காது. சுவரில் மண் படிந்த இடத்தில் வளை தோண்டி, பட்டு நூலும் குகை மண்ணும் கலந்து ஒரு மூடி செய்து, மேல்பக்கம் கீல் வைத்த மாதிரி மாட்டிவிடும். மூடி சுவரின் நிறத்திலேயே இருப்பதால் மூடியைத் தேடக்கூடாது, நூலைத் தேடவேண்டும். வாயைச் சுற்றி ஆறேழு நூல்கள் விசிறி மாதிரி சுவரோடு ஒட்டி நீண்டிருக்கும், ஒவ்வொன்றும் விரல் நீளம். டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டச் சுவரோடு படுக்கவைத்து அடித்தால்தான் அந்த நூல் மின்னும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. நூலின் மேல் பூச்சி காலை வைத்ததும் உள்ளே முன்னங்காலை நூல்மேல் வைத்துக் காத்திருக்கும் சிலந்திக்குத் தெரிந்துவிடும். மூடி திறந்து மூடுவது கண் சிமிட்டும் நேரம். தயவுசெய்து நூலைக் குச்சியால் தட்டி வெளியே வரவைக்காதீர்கள். ஏமாந்து ஏமாந்து பசியில் வலுவிழந்துபோகும்.

அதே குகையில் வௌவால் தின்னும் பாம்பு உண்டு, குகைச் சாரை என்று சொல்லலாம். ஆறடி வரை வளரும், விஷமில்லாதது. பழுப்புக் கலந்த சாம்பல் உடம்பு, வாலோரத்தில் நீளக் கோடு. அங்கிருக்கும் தேன் குடிக்கும் வௌவால்கள் இரவில் பல கி.மீ. பறந்துபோய் டுரியான் பூவிலும் அலையாத்திப் பூவிலும் மகரந்தம் சேர்க்கின்றன. மலேசியாவில் டுரியான் காய்க்க இந்த மலைக் குகைகள் வேண்டும்.

படியில் குரங்குகள் பாலிதீன் பைச் சத்தம் கேட்டாலே பாயும். அர்ச்சனைத் தட்டைத் துணிப்பையில் வையுங்கள். மேலே பாறை உச்சி மரங்களில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கருங்குரங்கு தெரிந்தால் அது இலை தின்னும் வேறு இனம், கீழே இறங்கி வம்பு செய்யாது.

நத்தைக்கூடு, மடிப்பாக்கம்

மரகதம் அக்கா மலேசியாவுக்குப் போய்விட்டதால் நானும் என் நத்தையோடு வருகிறேன். ஈப்போவில் குனோங் ராப்பாட் என்ற சுண்ணாம்பு மலை. அங்கே ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம் என்று 2008இல் பெயர் பெற்ற நத்தை இருக்கிறது. கடுகளவுதான். நத்தை ஓடு என்றால் ஒரே அச்சில் சுருளும் என்பது நாம் படித்தது; இதன் ஓடு நான்கு அச்சில் சுருள்கிறது. சுருள் மூன்று முறை ஓட்டிலிருந்து பிரிந்து வெளியே வந்து, இரண்டு முறை திரும்ப ஒட்டிக்கொள்கிறது. பைப் வேலை தெரியாதவர் மாட்டின குழாய் மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு ஓட்டிலும் அதே அமைப்பு வருவதால் அது பிழையில்லை.

நத்தைக்கு ஓடு செய்யச் சுண்ணாம்பு வேண்டும், அது இந்தப் பாறையில் அள்ள அள்ளக் கிடைக்கும். மலைக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் புளிப்பு மண்ணை ஒரு மில்லிமீட்டர் நத்தையால் தாண்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. ஒரு மலை நத்தை அடுத்த மலையில் இருக்காது. மலேசியாவிலேயே பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் மலையை சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் வெட்டித் தீர்த்தபோது பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற நத்தை உலகத்திலிருந்தே போய்விட்டது. யானைக்காகப் பேச ஆள் இருக்கிறது. கடுகளவு நத்தைக்காகப் பேசுவதற்கு முதலில் அது அங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும்.

அயிரை, அண்ணாநகர் மேற்கு

மீன் வேண்டும் என்பவர்கள் சத்தீஸ்கரில் இருக்கும் பஸ்தார் போங்கள். ஜகதல்பூர் பக்கம் காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவில் கோட்டும்சர் குகை. மழைக்காலத்தில் குகைக்குள் வெள்ளம் ஏறும் என்பதால் மூடிவிடுவார்கள். நவம்பர் முதல் ஜூன் வாக்கில் திறந்திருக்கும். உள்ளே எப்போதும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும், புழுக்கம் அதிகம், சட்டை நனைந்துவிடும்.

குட்டைகளில் இருப்பது நம் அயிரை மீனின் உறவு, எவசார்டி அயிரை. வெளியே ஓடையில் இருப்பது வரிகளோடு நல்ல கண்ணோடு இருக்கும். உள்ளே இருப்பது வெளுத்து, கண் சுருங்கி, சிலவற்றில் இரண்டு கண்ணும் ஒரே அளவில்கூட இருக்காது. முழுக்கக் குருடு என்று வழிகாட்டிகள் சொல்வது மிகை. மாற்றம் பாதி வழியில் இருக்கிறது, அதுதான் இதன் சிறப்பே. குட்டை ஓரத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் தண்ணீர்மேல் சின்னதாக முட்டும் சத்தம் வரும். மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிறது. குட்டையில் காலை வைத்துக் கலக்கினால் அடி வண்டல் எழும்பும், தெளிய நாளாகும்.

கேரளத்துக் கிணறுகளில் கிடைக்கும் குருட்டு மீன்களை இதோடு சேர்க்கிறார்கள். அவை செம்புரைப் பாறையில் வாழ்பவை, இது வேறு நிலம். உலகத்திலேயே பெரிய குகைமீன் மேகாலயாவில், ஜைந்தியா மலைச் சுண்ணாம்புக் குகையில் இருக்கிறது. 40 செ.மீ.க்கு மேல், கெண்டை இனம். 2023இல் நியோலிசோகைலஸ் ப்னார் என்று தனி இனமாகப் பெயர் கொடுத்தார்கள். ப்னார் என்பது அந்த மண்ணின் மக்கள் பெயர்.

மருந்துச்சீட்டு, கீழ்ப்பாக்கம்

வௌவால் எச்சம் காய்ந்த குகைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பொடியில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை இருக்கலாம். மூச்சில் போனால் மூன்றிலிருந்து பதினேழு நாளுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சுவலி வரலாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் பார்க்கக் காசநோய் மாதிரியே இருக்கும். ஆகவே டாக்டரிடம் குகைக்குப் போனதை நீங்களாகச் சொல்லுங்கள், அவராக விசாரிக்கமாட்டார். துணி மாஸ்க் போதாது, என்95 போட்டு மூக்குக் கம்பியை அழுத்துங்கள். போட்ட உடையை உள்ளே வைத்து உதறாமல் பையில் கட்டி வந்து தனியாகத் துவையுங்கள். வௌவால் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விடவேண்டும். காயம் ஊசிமுனை அளவுதானே என்று விடக்கூடாது.

சங்கு_புஷ்பம், தாம்பரம்

சென்னையை விட்டு நகர முடியாதவர்கள் என்ன பார்ப்பது?

நத்தைக்கூடு, மடிப்பாக்கம்

பழைய சுவரைப் பாருங்கள். ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளின் சுவர் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பில் பூசியது. சுண்ணாம்பு உதிரும் சுவரடி மண்ணில் சின்ன நத்தைகள் வரும்.

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சுவரடியில் இலைச்சருகோடு மேல்மண் இரண்டு லிட்டர் டப்பா அளவு எடுங்கள். நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு போட்டால் இந்த முறை வேலை செய்யாது. மாவுச்சல்லடையில் சலித்து, பெரிய கல்லையும் சருகையும் தள்ளுங்கள். முக்கால் வாளித் தண்ணீரில் மண்ணைக் கொட்டி ஒரு சுற்றுக் கலக்கி விட்டுவிடுங்கள். மண் அடியில் போகும். காலி ஓடுகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அவை மிதக்கும். டீ வடிகட்டியால் மேலே மிதப்பதை வாரி, செய்தித்தாளில் பரப்பி, லென்ஸை வைத்துப் பாருங்கள். உயிருள்ளது இருந்தால் திரும்ப அதே இடத்தில் விட்டுவிடவேண்டும்.

ஊசி மாதிரி நீண்டு, ஒரு செ.மீ.க்குள், மெழுகு நிறத்தில் கண்ணாடி மாதிரி இருப்பது அலோபியாஸ் கிராசில். பெரும்பாலும் அதுதான் முதலில் கிடைக்கும். அதைவிடச் சின்னதாக வேறு வடிவம் ஏதாவது மிதந்தால், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஓட்டின் வாய் தெரிகிற மாதிரி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, எந்தத் தெரு, எந்தப் பக்கச் சுவர் என்று குறித்து இங்கே போடுங்கள்.